பனித்தீவுப் போர் – 4: அழையா விருந்தாளி

போன வாரம் ஒரு காகிதத்தோடு நிறுத்தினோம், நினைவிருக்கிறதா?

லண்டன் நாடாளுமன்றக் கட்டடம். 1982 மார்ச் 31, புதன்கிழமை மாலை. பாதுகாப்பு அமைச்சர் ஜான் நாட், உளவுத்துறை கொடுத்த தாளோடு பிரதமரின் அறைக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்க்கொண்டிருந்தார். அர்ஜென்டினாக் கப்பல்கள் கடலில் பயிற்சி செய்யவில்லை. ஃபாக்லாந்துத் தீவுகளை நோக்கித் திரும்பிவிட்டன. வெள்ளிக்கிழமை விடிகாலையில் கரையேறப் போகின்றன.

இடையில் இருப்பது முழுசாக ஒரே ஒரு நாள்.

அந்த இடத்தில் கதவைச் சாத்திவிட்டுப் போனதற்கு வாரம் முழுக்க என்னை வைதிருப்பீர்கள். இதோ, திறந்தாயிற்று. உள்ளே வாருங்கள்.

மார்கரெட் தாட்சர் அந்தத் தாளைப் படித்தார். வாழ்க்கையிலேயே மிக மோசமான தருணங்களில் அது ஒன்று என்று பின்னாளில் அவரே ஒப்புக்கொண்டார். கண்டிப்புக்குப் பேர்போன அந்த அம்மையார் அன்றைக்குக் கேட்ட கேள்வி ஒன்றுதான். அவர்கள் பிடித்துவிட்டால் நம்மால் திரும்ப எடுக்க முடியுமா?

யாரிடமும் பதில் இல்லை.

நாட் பக்கத்தில் இருந்தார். வெளியுறவு அமைச்சகத்திலிருந்து ஹம்ப்ரி அட்கின்ஸும் ரிச்சர்ட் லூஸும் வந்திருந்தார்கள். கூடவே மூத்த அதிகாரிகள் சிலர். ஆனால் இருக்க வேண்டியவர்கள் ஊரிலேயே இல்லை. வெளியுறவு அமைச்சர் கேரிங்டன் பிரபு இஸ்ரேலில் இருந்தார். முப்படைகளின் தலைவர் அட்மிரல் லூயின் உலகத்தின் மறுகோடியில், நியூசிலாந்தில்.

போருக்குப் போகலாமா என்று பேசுகிற அறையில் சீருடை போட்ட ஆள் ஒருவர்கூட இல்லை.

பாதுகாப்பு அமைச்சகத்தின் கருத்தை நாட் சொன்னார். தீவுகள் ஒரு தடவை கையைவிட்டுப் போனால் போனதுதான், மீட்க வழியில்லை. அவரைக் கோழை என்று எண்ணிவிடாதீர்கள். கூர்க்கா படையில் அதிகாரியாக இருந்த மனிதர் அவர். கணக்கு அப்படி இருந்தது. பிரிட்டனிலிருந்து தீவுகளுக்கு 8,000 மைல். அர்ஜென்டினாக் கரையிலிருந்து ஏறக்குறைய 300 மைல். வழியில் ஒதுங்கி மூச்சுவிட ஒரே இடம், அசென்ஷன் தீவு. அது பிரிட்டனுக்குச் சொந்தம்தான். ஆனால் அங்குள்ள விமான ஓடுபாதையை நடத்துவது அமெரிக்கா.

போதாக்குறைக்குத் தெற்கில் குளிர்காலம் வந்துகொண்டிருந்தது.

தாட்சரின் மனத்துக்குள் வேறொரு கணக்கும் ஓடியிருக்கும். வேலையில்லாதவர்கள் 30 லட்சத்தைத் தாண்டியிருந்தார்கள். சொந்தக் கட்சிக்குள்ளேயே முணுமுணுப்பு. தென்கடலில் பிரிட்டனின் கொடியைக் காட்டிக்கொண்டிருந்த ஒரே கப்பல் ‘எண்டியூரன்ஸ்’. செலவு மிச்சம் என்று அதைத் திரும்பப் பெற முடிவெடுத்தது அவருடைய அரசுதான். அந்த முடிவை அர்ஜென்டினாத் தளபதிகள் எப்படிப் படித்தார்கள் என்பதை இரண்டாவது அத்தியாயத்திலேயே பார்த்துவிட்டோம். தீவுகளில் பிரிட்டனுக்கு இனி அக்கறை இல்லை என்று படித்தார்கள்.

வெள்ளிக்கிழமை தீவு போனால், அடுத்து போகப்போவது எது என்று தாட்சருக்குத் தெரியாதா என்ன?

அந்த நேரத்தில்தான் நம் கதாநாயகர் வாசலில் மாட்டிக்கொண்டு நின்றார்.

*

சர் ஹென்றி லீச். பிரிட்டன் கடற்படையின் தலைமைத் தளபதி. கூட்டத்துக்கு அவரை யாரும் அழைக்கவில்லை.

பகல் முழுக்க அவர் லண்டனிலேயே இல்லை. போர்ட்ஸ்மத் பக்கத்தில் ஒரு கடற்படை ஆய்வுக்கூடத்தைப் பார்வையிடப் போயிருந்தார். மாலையில் திரும்பி மேசையைப் பார்த்தால் இரண்டு விதமான தாள்கள். அர்ஜென்டினா படையெடுக்கப் போவது நிச்சயம் என்றது உளவுத் தகவல். இப்போதைக்குக் கூடுதலாக எதுவும் செய்ய வேண்டாம் என்றது அதிகாரிகளின் ஆலோசனை.

லீச்சுக்குச் சுர்ரென்று ஏறியது.

எதிரி வருவது தெரிகிறது. ஒன்றும் செய்ய வேண்டாம் என்கிறார்கள். அப்புறம் கடற்படை என்று ஒன்று எதற்கு?

அமைச்சர் நாட் எங்கே என்று விசாரித்தார். நாடாளுமன்றத்தில் என்றார்கள். கிளம்பிவிட்டார். உள்ளே நுழைந்ததும் நடுக்கூடத்தில் காவலர்கள் மறித்தார்கள். கடற்படைத் தளபதியாகவே இருக்கட்டும், நாடாளுமன்றத்துக்குள் நினைத்தபடி போக முடியாது. காத்திருக்கச் சொன்னார்கள்.

நிமிடங்கள் ஓடின. அந்தப் பக்கமாக வந்த ஆளுங்கட்சிக் கொறடா ஒருவர் அவரைப் பார்த்துவிட்டார். தன் அறைக்கு அழைத்துப் போய் உட்காரவைத்து, கையில் ஒரு கோப்பை விஸ்கியைக் கொடுத்து, உள்ளே தகவல் அனுப்பினார்.

இங்கே ஒரு சுவாரஸ்யம். அன்று தான் சீருடையில் இருந்ததாக லீச் சொன்னார். சாதாரண உடையில் வந்தார் என்று எழுதியிருக்கிறார் தாட்சர். பெரும்பாலான வரலாற்று நூல்கள் லீச் பக்கம்தான். சீருடையில் ஓர் அட்மிரல் அந்த அறைக்குள் நுழைந்ததே பாதி வேலையை முடித்துவிட்டது என்று சொல்பவர்களும் உண்டு.

நுழையட்டும். அதற்கு முன் இந்த மனிதர் யார் என்று தெரிந்துகொண்டு போவோம். அவர் உள்ளே சொல்லப்போகிற வார்த்தைகளின் எடை அப்போதுதான் புரியும்.

*

லீச்சுக்கும் நாட்டுக்கும் ஏற்கெனவே ஆகாது.

போன ஆண்டுதான் பாதுகாப்புச் செலவைக் குறைக்கும் திட்டம் ஒன்றை நாட் கொண்டுவந்தார். கத்தி அதிகம் இறங்கியது கடற்படையின் கழுத்தில். போர்க்கப்பல்களின் எண்ணிக்கை குறையும். கப்பல் பட்டறைகள் சுருங்கும். புத்தம்புது விமானந்தாங்கிக் கப்பல் ‘இன்வின்சிபிள்’ ஆஸ்திரேலியாவுக்கு விற்பனை. விலைகூடப் பேசியாகிவிட்டது. எதிர்த்துப் பேசிய கடற்படைத் துறையின் இளைய அமைச்சர் கீத் ஸ்பீடின் பதவி போனது. லீச்சும் முட்டி மோதிப் பார்த்தார். தோற்றார்.

ஆக, நாட்டின் முகத்துக்கு நேரே கடற்படையின் அருமையை நிரூபிக்க இதைவிட நல்ல நேரம் கிடைக்குமா? இப்படிக் கேட்டவர்கள் அன்றும் உண்டு, இன்றும் உண்டு. தீவைக் காப்பாற்றப் போனாரா, கடற்படையைக் காப்பாற்றப் போனாரா?

இரண்டும்தான் என்பேன். இரண்டுக்கும் அடியில் மூன்றாவதாக ஒன்றும் இருந்தது.

1941 டிசம்பர். சிங்கப்பூர். அப்போது லீச்சுக்குப் பதினெட்டு வயது. கடற்படையில்தான் இருந்தார். அதே துறைமுகத்துக்கு ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’ என்ற பெரும் போர்க்கப்பல் வந்து சேர்ந்தது. அதன் கேப்டன் ஜான் லீச். இவருடைய அப்பா. கப்பல் புறப்படுவதற்கு முன் இருவரும் சந்தித்துக்கொண்டார்கள்.

மலாயாவின் குவாந்தான் கரைக்கு அப்பால் ஜப்பானிய விமானங்கள் அந்தக் கப்பலைச் சூழ்ந்தன. மேலே பாதுகாப்புக்கு ஒரு பிரிட்டிஷ் விமானம்கூட இல்லை. துணைக்கு வந்த ‘ரிபல்ஸ்’ முதலில் மூழ்கியது. பிறகு ‘பிரின்ஸ் ஆஃப் வேல்ஸ்’.

பிழைத்தவர்களைச் சிங்கப்பூரில் கொண்டுவந்து இறக்கினார்கள். அந்தக் கூட்டத்துக்குள் புகுந்து மகன் தேடினான். ஒவ்வொரு முகமாகப் பார்த்தான்.

அப்பா வரவில்லை.

ஆகாயத்தில் துணையில்லாத கப்பலுக்கு என்ன கதி என்பதை லீச் பாடப்புத்தகத்தில் படிக்கவில்லை. போதிய பலமில்லாமல் அரைமனத்தோடு அனுப்பிய படை எப்படி முடியும் என்பதும் அவருக்குத் தெரியும். அப்படிப்பட்டவர் போருக்குப் போகலாம் என்று சொன்னால், விளையாட்டாகச் சொல்ல மாட்டார்.

உள்ளேயிருந்து அழைப்பு வந்தது.

கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார் லீச்.

*

அட்மிரல், நீங்கள் என்ன நினைக்கிறீர்கள் என்று நேராகக் கேட்டார் தாட்சர்.

லீச் சுற்றி வளைக்கவில்லை. கப்பல்படை ஒன்றை உடனே திரட்ட வேண்டும் என்றார். நாசகாரிக் கப்பல்கள், ஃபிரிகேட்டுகள், தரையிறக்கும் கலங்கள், சரக்குக் கப்பல்கள். முன்னால் இரண்டு விமானந்தாங்கிக் கப்பல்கள், ‘ஹெர்மிஸ்’, ‘இன்வின்சிபிள்’. 48 மணி நேரத்தில் புறப்படத் தயாராகிவிடும். ஆரம்பிக்க அனுமதி மட்டும் போதும்.

அறையில் இருந்தவர்கள் ஒருவரையொருவர் பார்த்திருப்பார்கள். ‘ஹெர்மிஸ்’ கிழட்டுக் கப்பல். போர்ட்ஸ்மத்தில் பழுதுபார்ப்பில் கிடந்தது. ‘இன்வின்சிபிள்’ கதைதான் தெரியுமே. விலை பேசி முடித்த மாட்டை ஏரில் பூட்டுகிறேன் என்கிறார் மனிதர்!

பேரம் பேசிய அமைச்சர் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார்.

‘ஆர்க் ராயல்’ எங்கே என்று கேட்டார் தாட்சர். பெரிய விமானந்தாங்கிக் கப்பல் என்றால் பிரிட்டனில் யாருக்கும் முதலில் நினைவுக்கு வரும் பெயர் அது. பழையது காயலான் கடைக்குப் போய்விட்டது, அதே பெயரில் புதியது இன்னும் கட்டி முடியவில்லை என்றார் லீச்.

படை போய்ச் சேர எவ்வளவு நாளாகும்?

மூன்று வாரம் என்றார்.

மூன்று நாள் என்கிறீர்களா என்றார் தாட்சர்.

இல்லை, மூன்று வாரம். தூரம் 8,000 மைல்.

கொஞ்ச நேரம் அந்த எண் எல்லார் தலையிலும் சுற்றியிருக்க வேண்டும். மூன்று வாரம்! அதற்குள் எதிரி தீவில் குழி தோண்டி, பீரங்கி நிறுத்தி, ஓடுபாதையையும் தன் வசமாக்கிக்கொள்வான். லீச்சிடம் இருந்தவை 20 சீ ஹாரியர் விமானங்கள். எதிர்ப்பக்கம் அதைப்போல் பல மடங்கு. இரண்டு விமானந்தாங்கிகளில் ஒன்று மூழ்கினாலும் கதை முடிந்தது.

ஆகாயத்தில் துணையின்றி அப்பாவைப் பறிகொடுத்தவர், இந்தக் கணக்கைப் போடாமலா வந்திருப்பார்?

தாட்சர் விடவில்லை. நிஜமாகவே தீவுகளை மீட்க முடியுமா என்றார்.

முடியும் என்றார் லீச். அதோடு நிறுத்தியிருந்தால் அவர் வெறும் தளபதி. இன்னும் ஒரு படி மேலே போனார். அதைச் சொல்வது என் வேலையில்லை, ஆனாலும் சொல்கிறேன், மீட்டே ஆகவேண்டும் என்றார்.

ஏன் அப்படிச் சொல்கிறீர்கள்?

தாட்சரின் குரல் கூர்மையாக வந்தது.

செய்யாமல் விட்டாலோ, அரைகுறையாகச் செய்து பாதியில் நின்றாலோ, இன்னும் சில மாதங்களில் இது வேறு ஒரு நாடாகிவிடும், நம் சொல்லுக்கு உலகத்தில் மதிப்பே இருக்காது என்றார் லீச்.

தாட்சர் தலையசைத்தார்.

அவ்வளவுதான்.

வரைபடத்தை விரித்து வைத்துக்கொண்டு நடந்த விவாதம் இல்லை. தீவு யாருக்குச் சொந்தம் என்று ஒன்றரை நூற்றாண்டாகக் குவிந்த ஆவணங்களை அன்றிரவு யாரும் புரட்டவில்லை. 1833-ல் யார் யாரை விரட்டினார்கள், ஸ்பெயினின் உரிமை யாருக்கு வந்தது என்பதெல்லாம் இரு பக்கத்து வழக்கறிஞர்களும் கரைத்துக் குடித்த சங்கதிகள். முடிவைத் தீர்மானித்தது அவை அல்ல. முடியாது என்று எல்லாரும் சொன்ன அறையில், முடியும் என்று ஒருவர் சொன்னார். அந்தச் சொல்லுக்காகவே காத்திருந்த ஒருவர் அதைக் கேட்டுக்கொண்டார்.

ஒன்றைக் கவனியுங்கள். படை புறப்படலாம் என்று தாட்சர் சொல்லவில்லை. திரட்டுங்கள் என்று மட்டும்தான் சொன்னார். புறப்படுவதா என்பதை அமைச்சரவைதான் முடிவு செய்ய வேண்டும். ஆனால் ஊரறியக் கப்பல்களைத் திரட்டி நிறுத்திவிட்டு, சும்மா கலைத்துவிட எந்த அரசால் முடியும்? கூட்டத்தில் இருந்த எல்லாருக்கும் இது தெரிந்திருக்கும். லீச்சுக்கு நன்றாகவே தெரியும்.

அமைச்சகத்துக்குத் திரும்பியதும் உத்தரவுகள் பறந்தன. ஜிப்ரால்டர் அருகே ரியர் அட்மிரல் உட்வர்ட் தலைமையில் போர்க்கப்பல்கள் ஏற்கெனவே பயிற்சியில் இருந்தன. லீச்சின் முதல் துருப்புச் சீட்டு அதுதான். போர்ட்ஸ்மத்திலோ ஈஸ்டர் விடுமுறைக்கு மாலுமிகள் ஊருக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார்கள்.

பின்னாளில் ‘விராட்’ என்ற பெயரில் இந்தியக் கடற்படையில் கொடிகட்டிப் பறந்த கப்பல் எது தெரியுமோ? அன்றிரவு போர்ட்ஸ்மத்தில் பழுதுபார்ப்பில் கிடந்த அதே ‘ஹெர்மிஸ்’தான்.

*

போரைத் தவிர்க்கத் தாட்சரிடம் இன்னொரு வழி மிச்சமிருந்தது. அமெரிக்க அதிபர் ரீகன்.

அன்றிரவே அவருக்கு அவசரச் செய்தி போனது. அர்ஜென்டினா அதிபர் கால்டியரியிடம் பேசுங்கள், தடுத்து நிறுத்துங்கள். மறுநாள் மாலை ரீகன் தொலைபேசியில் அழைத்தார்.

கால்டியரி எடுக்கவில்லை. மணிக்கணக்கில் எடுக்கவில்லை.

எடுத்தால் என்ன பதில் சொல்வது? இரண்டு நாள் முன்புதான் புவனோஸ் அய்ரஸ் வீதிகளில் தொழிலாளர்கள் அவருடைய ஆட்சிக்கு எதிராகத் திரண்டிருந்தார்கள். தடியடி, கண்ணீர்ப்புகை, கூட்டங்கூட்டமாகக் கைது. மால்வினாஸ் என்று அவர்கள் அழைக்கும் அந்தத் தீவுகள் கைக்கு வந்தால் அதே வீதியில் அதே மக்கள் வாழ்த்துவார்கள் என்பது அவர் கணக்கு. ஆட்சிக்குழுவில் உடனிருந்த கடற்படைத் தளபதி அனாயாவுக்குத் தீவை மீட்பது நெடுநாள் கனவு. மத்திய அமெரிக்காவில் நாம் செய்துகொடுக்கும் உதவிக்கு ரீகன் குறுக்கே வர மாட்டார் என்று வேறு நம்பினார்கள்.

ஒருவழியாகத் தொலைபேசியை எடுத்தார். பேச்சு ஏறக்குறைய 50 நிமிடம் நீண்டது. பிரிட்டன் சும்மா இருக்காது, திருப்பி அடிக்கும் என்று எச்சரித்தார் ரீகன். துணை அதிபர் புஷ்ஷை அனுப்பட்டுமா என்றும் கேட்டார்.

கால்டியரி அசையவில்லை.

அசைந்துதான் என்ன பயன்? புயல் ஒன்று குறுக்கிட்டு, தரையிறங்குவதை ஏற்கெனவே ஒரு நாள் தள்ளிப்போட்டிருந்தது. இனி ஒரு நாளும் தள்ளாது. அதிபர் தொலைபேசியை வைத்தபோது கப்பல்கள் தீவை நெருங்கிவிட்டன.

*

தீவின் தலைநகர் ஸ்டான்லி. வியாழக்கிழமை பிற்பகல்.

ஆளுநர் ரெக்ஸ் ஹன்ட். ஒரு காலத்தில் விமானப்படை விமானி. லண்டன் டாக்சி ஒன்றுதான் அவருடைய அரசாங்க வாகனம். லண்டனிலிருந்து அவருக்கு ஒரு தந்தி வந்தது. நாளை விடியலில் அர்ஜென்டினாப் படை ஸ்டான்லிக்கு வெளியே கூடக்கூடும், அதற்கேற்ப ஏற்பாடுகளைச் செய்துகொள்ளவும்.

ஏற்பாடாம்! அவரிடம் இருந்தவர்கள் சுமார் 70 கடற்படை வீரர்கள். அதுவும் பழைய அணி கிளம்பப் புதிய அணி வந்து, இரண்டும் ஒரே சமயத்தில் ஊரில் இருந்ததால்தான் அத்தனை பேர். அணித்தலைவர்களான இரண்டு மேஜர்களைக் கூப்பிட்டார் ஹன்ட். இந்தத் தடவை அந்த மடையர்கள் நிஜமாகவே வருகிறார்கள் போலிருக்கிறது என்றார்.

இரவு எட்டேகாலுக்கு வானொலியில் மக்களுக்குச் சொன்னார். கலங்கரை விளக்கை அணைத்தார்கள். ஓடுபாதையில் வண்டிகளைக் குறுக்கே நிறுத்தினார்கள். ஊருக்கு வெளியே இருந்த மூடி புரூக் பாசறையிலிருந்து வீரர்கள் எல்லாரும் வெளியேறினார்கள். முப்பதுக்கும் மேற்பட்டவர்கள் ஆளுநர் மாளிகைக்குள் ஜன்னல் ஜன்னலாகத் துப்பாக்கியோடு பதுங்கினார்கள்.

இதில் ஒன்றும் எதிர்த்தரப்புக்குத் தெரியாது.

இரவு பதினொரு மணி வாக்கில், ஸ்டான்லிக்குத் தெற்கே மல்லட் க்ரீக் என்ற ஒதுக்குப்புறத்தில் ரப்பர் படகுகள் கரைதட்டின. அர்ஜென்டினாக் கமாண்டோக்கள். அவர்களைச் சுமந்து வந்த நாசகாரிக் கப்பலே பிரிட்டனின் வரைபடத்தை வைத்துக் கட்டியதுதான்! இரண்டாகப் பிரிந்தார்கள். பெரிய அணி, காலியாகக் கிடக்கும் பாசறையை நோக்கி நடந்தது. சிறிய அணி, ஆளுநர் மாளிகையை நோக்கி. அதில் 16 பேர். தலைவர் பெட்ரோ கியாச்சினோ.

அவர்களுக்கு மேலிடத்து உத்தரவு ஒன்று உண்டு. பிரிட்டிஷ்காரன் ஒருவனின் ரத்தம்கூடச் சிந்தக் கூடாது. ஆளுநரை உயிரோடு பிடிக்க வேண்டும். பிடித்தால் தீவே சரணடையும், ஒரு குண்டுகூட வீணாகாது.

மாளிகையில் ஆளுநர் மட்டும் இருப்பதாக நினைத்தால், அருமையான திட்டம்தான்.

வெள்ளிக்கிழமை விடிவதற்குள் கியாச்சினோ மாளிகையின் பின்புறம் வந்துவிட்டார். உள்ளே முப்பது துப்பாக்கிகள் காத்திருக்கின்றன. எதிரே ஒரு கதவு. அதுதான் மாளிகையின் பின்வாசல் என்று நினைத்து, ஆட்களோடு உள்ளே பாய்ந்தார்.

அது பின்வாசல் இல்லை.

அப்படியானால் எந்தக் கதவு? அடுத்த வாரம் சொல்கிறேன்.